பழைய கம்மின்ஸ் ராம் வண்டிக்குப் புதிய லிஃப்ட் பம்ப்: முதன்முறை பொருத்துபவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 2002 வரை விற்பனைக்கு வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 டீசல் பிக்கப்புகளுக்கு இன்னும் நல்ல மதிப்பு இருக்கிறது. அவற்றில் இருக்கும் 24 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் லட்சக்கணக்கான மைல் ஓடக்கூடியது. ஆனால் அந்த எஞ்சினுக்கு டீசலை அனுப்பும் ஏற்பாடு எஞ்சின் அளவுக்கு உறுதியானதல்ல. டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சின் பக்கம் அனுப்ப வண்டியோடு வந்த சிறிய லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் பழுதாகும். அது பழுதானது தெரியாமல் ஓட்டினால், டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்குச் செலுத்தும், ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள இன்ஜெக்ஷன் பம்பும் சேர்ந்து போகும். அந்த லிஃப்ட் பம்பை எடுத்துவிட்டு, வடிகட்டிகளோடு வரும் தனி பம்ப் ஒன்றை வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்துவது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் டீசல் குழாயில் இதுவரை கைவைக்காத ஒருவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த பம்ப் வண்டிக்குக் குதிரைத்திறன் கூட்டுவதற்காக அல்ல. மைலேஜ் ஏறும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பியும் இதை வாங்க வேண்டாம். இன்ஜெக்ஷன் பம்புக்குச் சுத்தமான, காற்றுக் கலக்காத டீசலைப் போதிய அழுத்தத்தோடு எப்போதும் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் இதன் வேலை. அந்த வேலை நடக்கிறதா என்பதைச் சொல்ல அழுத்தமானி ஒன்றால்தான் முடியும். ஆகவே மானியை முதலில் வாங்குங்கள், பம்பைப் பிறகு வாங்கலாம்.

ஏன் இந்த வண்டிகளுக்கு இது அவசியம்

1994-லிருந்து 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸில் பி7100 என்ற பாஷ் இன்ஜெக்ஷன் பம்ப் இருந்தது. அதற்கு எஞ்சின் ஆயில் போய் மசகு தரும். 24 வால்வு எஞ்சினுக்கு வந்த வி.பி.44 பம்ப் வேறு வகை. அதற்குள் ஓடும் டீசலே மசகு, டீசலே குளிர்விப்பான். பம்பின் தலையில் இருக்கும் மின்னணுப் பெட்டியையும் அந்த டீசல்தான் சூடேறாமல் காக்கிறது. எஞ்சினுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு டீசல் அதற்குள் புகுந்து, மிச்சமெல்லாம் டேங்குக்குத் திரும்புவது இதற்காகத்தான். மிச்ச டீசலைத் திருப்பி விடும் ஓவர்ஃப்ளோ வால்வு சுமார் 14 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு) அழுத்தத்தில் திறக்கும். உள்ளே வரும் அழுத்தம் அதற்குக் கீழே நெடுநேரம் தங்கினால், குளிர்விக்க வேண்டிய ஓட்டம் குறைந்துபோகும்.

கம்பெனி வைத்த மின்சார லிஃப்ட் பம்ப் எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கத்தில் இருக்கிறது. இடமே தவறு. எஞ்சினின் சூடும் அதிர்வும் அதற்கு நேராகப் போகின்றன. அதோடு டேங்க் வெகு தூரம் பின்னால் இருப்பதால், அந்த பம்ப் டீசலை நெடுந்தூரம் உறிஞ்சி இழுக்க வேண்டியிருக்கிறது. மின்சார பம்ப்புகளுக்குத் தள்ளுவது எளிது, உறிஞ்சுவது கடினம். தளர்ந்துபோன லிஃப்ட் பம்போடும் வண்டி ஓடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. வி.பி.44 தானாகவே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், எஞ்சின் நிற்காது, டாஷ்போர்டில் விளக்கும் எரியாது. உரிமையாளருக்கு விஷயம் தெரிய வரும்போது பி0216 என்ற பழுதுக் குறியீடு வந்திருக்கும்.

அந்தக் குறியீடு ஏற்கெனவே வந்துவிட்ட வண்டி என்றால், லிஃப்ட் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. அது பெரும்பாலும் வி.பி.44-இன் உள்ளே தேய்மானம் என்று பொருள். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே மாற்றத் திட்டமிடுங்கள். புது வி.பி.44-ஐப் பழைய லிஃப்ட் பம்போடு இணைப்பது, வாங்கிய பொருளைத் தெரிந்தே கெடுப்பதாகும்.

முதலில் அளந்து பாருங்கள்

எரிபொருள் வடிகட்டி எஞ்சினின் இடப்பக்கத்தில் ஒரு உருளைக் கூட்டுக்குள் இருக்கிறது. பல வண்டிகளில் அதன் குழாய் இணைப்பில் டயர் வால்வு போன்ற ஒரு சோதனை வால்வு, மூடியோடு இருக்கும். இல்லாவிட்டால், நடுவில் மரை போட்டுத் துளையிட்ட பான்ஜோ போல்ட் (டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள இணைப்புப் போல்ட்) ஒன்றைத் தனியாக வாங்கி, வி.பி.44-க்குள் டீசல் நுழையும் இடத்தில் மாட்டலாம். வடிகட்டியைத் தாண்டி, இன்ஜெக்ஷன் பம்பின் வாயில் எடுக்கும் அளவுதான் முக்கியம். ஐடிலில், அதாவது மிதி அழுத்தாமல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது, 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்க வேண்டும். வண்டியை முழு மிதியில் ஏற்றத்தில் ஓட்டும்போதும் அது 10-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பதே நான் வைத்துக்கொள்ளும் கோடு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளுக்கு இடையே 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், வடிகட்டி அடைத்திருக்கிறது. புது வடிகட்டி போட்டு மறுபடி அளந்துவிட்டுத்தான் பம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். வடிகட்டி மாற்றியதும் சரியான வண்டிக்கு யாரும் அவசரப்பட்டு பம்ப் வாங்கக் கூடாது.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட அவை வேண்டும்.

மானியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டீசல் ஓடும் குழாயை நேராகக் கேபினுக்குள் கொண்டுபோய் மானியில் மாட்டுவது கூடாது. அது எங்காவது விட்டுப்போனால் டீசல் உங்கள் மடியில் கொட்டும். கேபினுக்கு மின்சார சென்சார் உள்ள மானியையே வாங்குங்கள். வி.பி.44-இன் வாயில் அழுத்தம் விட்டுவிட்டுத் துடிக்கும். அந்த அடியைத் தாங்காமல் சென்சார் சீக்கிரம் கெடும். ஆகவே இடையில் ஒரு சிறு ஊசி வால்வோ, துடிப்பைத் தணிக்கும் ஸ்னபரோ போட்டுக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவது

இந்த வகையில் அமெரிக்கச் சந்தையில் அதிகம் கேட்கப்படும் பெயர்கள் ஃபாஸ், ஏர்டாக். இரண்டுமே பம்ப், நீர் பிரிக்கும் வடிகட்டி, தூசு வடிகட்டி ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக வருபவை. டீசலில் கலந்திருக்கும் காற்றையும் ஆவியையும் பிரித்து, அதைக் கொஞ்சம் டீசலோடு சேர்த்துத் தனிக் குழாய் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்புவது இவற்றின் சிறப்பு. அதனால்தான் கிட்டில் உறிஞ்சு குழாய், எஞ்சினுக்குப் போகும் குழாய், திரும்பு குழாய் என்று மூன்று இருக்கின்றன.

மணிக்கு இத்தனை கேலன் என்ற கணக்கில் இவை விற்கின்றன. 95 அல்லது 100 கேலன் அளவு, கம்பெனி நிலையிலிருக்கும் வண்டிக்கும் சிறிய ட்யூனிங் செய்த வண்டிக்கும் தாராளம். நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் போகும் ராம் ஒன்று மணிக்கு 4 கேலன் அளவுக்குத்தான் எரிக்கிறது. மற்றதெல்லாம் குளிர்விப்பதற்கும், அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வதற்கும். 150, 165, 200 என்று பெரிய எண்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவை பெரிய இன்ஜெக்டரும் போட்டிப் பந்தயமும் உள்ளவர்களுக்கு. வாங்கும்போது வண்டியின் ஆண்டையும் எஞ்சினையும் சொல்லி, அதற்கென்றே வந்த கிட்டைக் கேளுங்கள். 2003-இல் இந்த வண்டிகள், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் முறைக்கு மாறிவிட்டதால், அதற்கு வந்த கிட்டின் இணைப்புகளும் வயரிங்கும் வேறு.

அரசு விதிகளைப் பொறுத்தவரை, லிஃப்ட் பம்ப் மாற்றுவது புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தொடுவதில்லை. ஆனால் கலிபோர்னியாவில் இருப்பவர்கள், வாங்கும் பொருளுக்கு அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை எண் இருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை தொடங்குமுன்

கிட் வந்ததும் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் சுத்தமான துணியில் பரப்பி, கூட வந்த பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு இணைப்பு குறைந்திருப்பது வண்டியைக் கழற்றிப் போட்ட பிறகு தெரிந்தால், வண்டி நாள்கணக்கில் முட்டின்மேல் நிற்கும். கிட்டோடு வந்த கையேட்டையும் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். இங்கே நான் சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு இருந்தால், கையேடு சொல்வதையே கேளுங்கள்.

டேங்கில் டீசல் கால் பங்குக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டேங்க் சுமார் 35 கேலன் பிடிக்கும். நிரம்பியிருந்தால் டீசல் மட்டுமே 110 கிலோவுக்கு மேல் கனக்கும். அதை ஜாக்கின்மேல் வைத்து இறக்குவது ஒருவர் செய்யக்கூடிய வேலையல்ல.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, தீயணைப்பான், நிறையப் பழந்துணி, டீசல் பிடிக்க ஒரு வாளி, உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள் இருக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். எஞ்சினும் எக்ஸாஸ்ட் குழாயும் ஆறிய பிறகே தொடங்குங்கள். இந்த வண்டிக்கு இரண்டு பேட்டரி உண்டு. இரண்டின் நெகட்டிவ் முனைகளையும் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்தால், வண்டியில் மின்சாரம் அப்படியேதான் இருக்கும்.

பம்பைச் சட்டத்தில் நிறுத்துதல்

ஓட்டுநர் பக்கச் சட்டத்தில், கேபினுக்கும் டேங்குக்கும் இடையே உள்ள இடம் பொருத்தமானது. டேங்கும் அதே பக்கம், எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கம். பிராக்கெட்டைக் கையால் பிடித்துப் பார்த்து நான்கு விஷயங்களை உறுதிசெய்துகொண்ட பிறகே போல்ட்டை முடுக்குங்கள். டிரைவ் ஷாஃப்ட்டிலிருந்து போதிய விலகல் வேண்டும். வடிகட்டிகளைக் கீழ்நோக்கித் திருகிக் கழற்ற இடம் இருக்க வேண்டும். சட்டத்தை ஒட்டிப் போகும் பிரேக் குழாய் நசுங்கக் கூடாது. பம்பின் அடிப்பாகம் சட்டத்தைவிட மிகத் தாழ்வாகத் தொங்கவும் கூடாது, ஏனென்றால் கல் தெறித்து உடையும். சட்டத்தில் துளை போட வேண்டியிருந்தால், உள்ளே வயரிங் கற்றை போகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இதெல்லாம் அரை மணிநேர வேலை.

டேங்க்: முழுக் கவனமும் இங்கேதான்

இந்த மொத்த வேலையில் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி டேங்குப் பக்கத்தில் செய்யும் அவசரத்தால் வருகிறது. ஆகவே இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

டேங்கின் மேற்பக்கத்தை எட்ட இரண்டு வழிகள். ஒன்று, பட்டைகளைக் கழற்றி டேங்கைக் கீழே இறக்குவது. மற்றது, பின்பக்கச் சரக்குத் தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றித் தொட்டியைத் தூக்குவது. உதவிக்கு மூன்று நான்கு பேர் இருந்தால் தொட்டியைத் தூக்குவதே நல்லது. நின்றுகொண்டே வேலை செய்யலாம், எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் ஓஹையோ, மிச்சிகன் போன்ற, குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய வண்டியில் தொட்டியின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு முந்தைய நாளே துருநீக்கித் தைலம் அடித்து ஊற விடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் டேங்கை இறக்கும் வழிக்குப் போய்விடலாம்.

திறப்பதற்கு முன் டேங்கின் மேற்பக்கத்தைக் காற்றடித்தோ கழுவியோ சுத்தமாக்குங்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் மண் படிந்திருக்கும். பெரிய பிளாஸ்டிக் வளையத்தைத் திருகி எடுத்தால், அளவு காட்டும் மிதவையும் உறிஞ்சு குழாயும் சேர்ந்த தொகுதி மேலே வரும். மிதவையின் கம்பி வளையாமல் சாய்த்து எடுங்கள். கீழே இருக்கும் ரப்பர் வளையம் டீசலில் ஊதிப்போயிருக்கும். பழையதையே திரும்பப் போட்டால் சரியாக உட்காராது. புதியதை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

கிட்டில் வரும் உறிஞ்சு குழாயை இந்தத் தொகுதியின் மேல்தட்டில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். துளை எங்கே வரலாம் என்று மேலும் கீழும் பார்த்துக் குறியுங்கள். மிதவையின் கம்பி மேலும் கீழும் போகும் வழியில் குழாய் குறுக்கிடக் கூடாது. டிரில் முனையில் கொஞ்சம் கிரீஸ் பூசிக்கொண்டால் பிளாஸ்டிக் சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். தொகுதியை வெளியே எடுத்து வைத்துத்தான் துளையிட வேண்டும். டேங்கிலேயே வைத்துத் துளையிட்டால் சீவல் உள்ளே விழும், பிறகு அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

குழாயின் நீளத்தை அளப்பதில்தான் அனுபவம் பேசும். பிளாஸ்டிக் டேங்கின் அடி, டீசல் நிரம்பும்போது கொஞ்சம் தொய்யும், காலியாகும்போது மேலே வரும். குழாய் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓட்டம் அடைபடும். மிகக் குட்டையாக இருந்தால் டேங்கில் டீசல் இருக்கும்போதே காற்றை உறிஞ்சும். கையேடு சொல்லும் இடைவெளியை வைத்து, முனையைச் சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் முனை ஒருவேளை அடியைத் தொட்டாலும் வாய் முழுக்க மூடிக்கொள்ளாது. வெட்டிய பிறகு பிசிறுகளை அரம் போட்டு எடுத்து, குழாயை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

இந்தத் துறையில் பலரும் புலம்பும் கால் டேங்க் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. டேங்க் கால் பங்குக்குக் கீழே வந்ததும், வளைவில் திரும்பும்போதோ ஏற்றத்திலோ அழுத்தமானி திடீரென்று விழும், எஞ்சின் இழுக்காமல் திணறும். டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய், குழாயின் வாய் காற்றில் நிற்பது ஒரு காரணம். திரும்பு குழாயிலிருந்து நுரையோடு விழும் டீசலை உறிஞ்சு குழாய் உடனே இழுத்துக்கொள்வது இன்னொரு காரணம். தொகுதியின் அடியில் டீசலைத் தேக்கி வைக்கும் கூடை ஒன்று இருக்கிறது. உறிஞ்சு குழாய் அந்தக் கூடைக்குள் இறங்கும்படி வைத்தால் முதல் காரணம் பெருமளவு தீரும். திரும்பு குழாயை எரிபொருள் ஊற்றும் கழுத்துக் குழாயில் இணைத்தாலோ, உறிஞ்சு குழாயிலிருந்து விலக்கி வைத்தாலோ நுரை அடங்கும்.

டேங்கின் அடியில் ஓட்டை போட்டுச் சம்ப் என்ற தொட்டியைப் பொருத்துபவர்களும் உண்டு. அதில் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சலாம், டேங்கை இறக்க வேண்டியதும் இல்லை. ஆனால் வண்டியின் அடியில் தாழ்வாக ஒரு பொருள் தொங்குவதும், அதன் சீல் என்றாவது கசிந்தால் டேங்கே காலியாவதும் எனக்கு உவப்பில்லை. வயல், காடு, மண் பாதை என்று ஓட்டுபவர்கள் மேல்வழியையே தேர்ந்தெடுங்கள்.

குழாய்கள்

மூன்று குழாய்களையும் சட்டத்தை ஒட்டி, வண்டியின் ஆட்டத்தில் எதிலும் உரசாதபடி கொண்டுபோங்கள். கூர்மையான விளிம்பைக் கடக்கும் இடத்தில் மேலே ஓர் உறை போடுங்கள். எக்ஸாஸ்ட், டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் நெருங்க விடாதீர்கள். அரை அடிக்கு ஒரு வளைவு என்று சுற்றாமல் நீளமான, மெதுவான வளைவுகளாக இருக்கட்டும். இழுக்கும்போது குழாயின் இரு வாய்களையும் டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் புது வடிகட்டிகளைத் தாண்டிய குழாய். அதற்குள் ஒரு மண் துகள் புகுந்தால், அதைப் பிடிக்கப் பழைய வடிகட்டி ஒன்றுதான் பாக்கி.

ஹோஸை ரம்பத்தால் அறுக்காமல் கூரிய பிளேடால் நேராக வெட்டுங்கள். அழுத்திச் செருகும் வகை ஹோஸ் என்றால், இணைப்பின் முனையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, தோள்வரை முழுக்கச் செருக வேண்டும். அந்த வகைக்குக் கிளாம்ப் தேவையில்லை. கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஹோஸ் உள்ளே வெட்டுப்படும்.

கூம்பு மரை கொண்ட இணைப்புகளுக்கு டீசல் தாங்கும் திரவ சீலன்ட்டைப் பூசுங்கள், முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு. வெள்ளை டெஃப்லான் டேப்பை எரிபொருள் குழாயில் சுற்றவே கூடாது. அதன் நூல் ஒன்று பிரிந்து வி.பி.44-க்குள்ளோ இன்ஜெக்டருக்குள்ளோ போனால் பெருஞ்செலவு. ஓ-ரிங் உள்ள இணைப்புகளுக்கு சீலன்ட் வேண்டாம், ரப்பருக்குக் கொஞ்சம் டீசல் தடவினால் போதும். பம்பின் உடல் அலுமினியம் என்பதை நினைவில் வைத்து முடுக்குங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் மரை போய்விடும்.

எஞ்சின் பக்கம்

பழைய லிஃப்ட் பம்பிலிருந்து வடிகட்டிக் கூட்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் புது ஹோஸை இணைக்க வேண்டும். டீசல் கொட்டும், கீழே வாளி வையுங்கள். சிலர் பழைய பம்பை அப்படியே பிளாக்கில் விட்டுவிடுகிறார்கள். கழற்றிவிடுவதே நல்லது, கசிய இன்னோர் இடம் ஏன்? பான்ஜோ போல்ட்டின் இருபக்கமும் உள்ள சீல் வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடுங்கள்.

பழைய வடிகட்டிக் கூட்டை நீக்கிவிட்டு நேராக வி.பி.44-க்கு இணைக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டத்துக்குத் தடை குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் அதை வைத்துக்கொள்ளவே நான் சொல்வேன். அதற்குள் டீசலைச் சூடாக்கும் ஹீட்டர் இருக்கிறது. மினசோட்டாவிலும் வடக்கு டகோட்டாவிலும் ஜனவரியில் டீசலில் மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும்போது அந்த ஹீட்டரின் அருமை தெரியும். அதோடு, குழாய் வேலையில் தப்பிப்போன தூசைப் பிடிக்கும் கடைசிக் காவலும் அதுதான்.

வயரிங்

பழைய பம்புக்கு எஞ்சின் கணினி நேராக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. புது பம்ப் இழுக்கும் மின்சாரம் அதிகம். அதைக் கணினியின் வயரில் நேராக மாட்டினால் கணினி எரிந்துபோகும், அதன் விலை பம்பின் விலையைவிடக் கூடுதல். அதனால்தான் கிட்டில், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே என்ற சுவிட்ச் வருகிறது. பழைய பம்பின் கனெக்டர் ரிலேக்கு ஏவல் தரும், பம்புக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். எர்த் வயரைத் துருப்பிடித்த சட்டத்தில் திருகாமல் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோங்கள். ரிலேயை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது. வயர்களுக்கு உறை போட்டு, சூடான இடங்களிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தல்

வடிகட்டிகளைக் கையால் திருகிப் பொருத்துங்கள், ரப்பரில் டீசல் தடவி. தூசு வடிகட்டிக்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்ப வேண்டாம். நடுத்துளை வழியாக ஊற்றினால் வடிகட்டாத டீசல் சுத்தப் பக்கத்துக்கே போய்விடும். பம்பே நிரப்பிக்கொள்ளட்டும்.

பேட்டரிகளை இணைத்துச் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிற்கும். ஸ்டார்ட்டரை ஒரே ஒரு தட்டுத் தட்டி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமுன் விட்டுவிட்டால், கணினி சுமார் 25 விநாடி பம்பை ஓட்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வி.பி.44-இன் நுழைவாயில் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே துணி வைத்துக்கொண்டால், முதலில் நுரையும் குமிழியும் வரும், பிறகு குமிழியில்லாமல் டீசல் மட்டும் வரும். அப்போது இறுக்கிவிடலாம். பெரும்பாலும் இதற்குப் பிறகு எஞ்சின் கொஞ்சம் திணறிவிட்டு ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஆகாவிட்டால், சிலிண்டர் தலையருகே மூன்று இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒரு சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். ஸ்டார்ட்டர் ஆற இரண்டு நிமிடம் விடுங்கள். அந்தக் குழாய்களில் அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஊசி குத்திய அளவு காயம்தான் வெளியே தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்று வீட்டில் உட்காராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். ஆகவே கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கமே வேண்டாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கியதும் அதை அணைத்துவிட்டு நட்டுகளை இறுக்குங்கள்.

மறுபடி மானி

ஐடிலில் மானி 15 பி.எஸ்.ஐ. சுற்றளவில் நிற்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் அழுத்தச் சீராக்கியைக் குறைத்து வையுங்கள், வி.பி.44-இன் சீல்களுக்கு அது நல்லதல்ல. பிறகு ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மானியைப் பார்க்கச் சொல்லி, பாரத்தோடு ஓர் ஏற்றத்தில் முழு மிதியில் ஓட்டுங்கள். 10-க்குக் கீழே போகாவிட்டால் வேலை சரி. முன்பு எழுதி வைத்த தாளை இப்போது எடுத்து ஒப்பிடுங்கள்.

மானியின் முள் நிலையாக நிற்காமல் நடுங்கினாலோ, பம்ப் உறுமினாலோ, உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. அந்தப் பக்கத்துக் கசிவு வெளியே சொட்டாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும், அதனால் கண்ணுக்குப் படாது. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பம்பின் உறிஞ்சு வாயிலிருந்து டேங்குக் குழாயைக் கழற்றிவிட்டு, குட்டையான புது ஹோஸ் ஒன்றை மாட்டி, சுத்தமான டீசல் இருக்கும் கேனுக்குள் விடுங்கள். எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓட்டுங்கள். கேனில் போதிய டீசல் இருக்கட்டும், திரும்பும் டீசல் கேனுக்கு வராது, டேங்குக்கே போகும். இப்போது முள் அசையாமல் நின்றால் பழுது டேங்குப் பக்கம். அப்போதும் நடுங்கினால் பம்பின் இணைப்புகளையும் வடிகட்டி ரப்பரையும் பாருங்கள். இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் டேங்கை மறுபடி இறக்கும் வேலையைப் பலருக்கு மிச்சப்படுத்தும்.

மற்ற வண்டிகள்

ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் எஞ்சினோடு 2001-லிருந்து 2016 வரை வந்த செவ்ரலே, ஜி.எம்.சி. பிக்கப்புகளில் கம்பெனி லிஃப்ட் பம்பே வைக்கவில்லை. எஞ்சினின் உயர் அழுத்த பம்ப் டேங்கிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ளும். அவற்றுக்கும் இதே வகைக் கிட்டுகள் வருகின்றன. டேங்கு, குழாய், சட்டம் பற்றிச் சொன்னதெல்லாம் அங்கும் பொருந்தும். ஏவல் தர லிஃப்ட் பம்ப் கனெக்டர் இல்லாததால் வயரிங் வேறு, அழுத்த அளவும் வேறு. இந்தக் கட்டுரையின் எண்களை அங்கே எடுத்துப் போகாமல், அந்த எஞ்சினுக்கான கையேட்டைப் பாருங்கள்.

பொருத்திய பிறகு

முதல் நூறு மைலுக்குப் பிறகு ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்து, பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். நீர் பிரிப்பானில் வடிகால் இருந்தால் மாதம் ஒருமுறை திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். வடிகட்டிகளைக் கையேடு சொல்லும் மைலுக்கு மாற்றுங்கள். அதற்கு முன்பே ஐடில் அழுத்தம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறங்கினால் அன்றைக்கே பாருங்கள். புது வடிகட்டி ஜோடி ஒன்றும், உதிரி ஃபியூஸும், ரிலேயும், வடிகட்டி கழற்றும் பட்டையும் வண்டியிலேயே இருக்கட்டும். வழியில் தெரியாத பங்க்கில் போட்ட டீசல் மோசமாக இருந்தால், அடுத்த ஊர்வரை போக அவை போதும்.